மூன்று லிட்டர் தண்ணீர்

அத்தியாயம் 17

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கே காந்திமதி பையைக் கட்டி வாசல் கதவோரம் வைத்துவிட்டாள். இரண்டு லுங்கி, துண்டு, பிளாஸ்க், பழைய எக்ஸ்ரே படங்கள், டாக்டர் சீட்டுகள், கொஞ்சம் விபூதி. சாயங்காலம் நான்கு மணிக்குக் கார் வரும். ஆறு மணிக்குள் கடலூர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். நாளை காலை அவள் கணவர் சிங்காரவேலுக்கு இடது பக்க இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன்.

போன மாதமே முடிந்திருக்க வேண்டியது. பச்சைச் சட்டை மாட்டி, கையில் ஊசி குத்திப் படுக்க வைத்த பிறகு டாக்டர் செந்தில்நாதன் ஒரு காகிதத்தோடு வந்து நின்றாரே, நினைவிருக்கும். கிரியாட்டினின் 1.9. ரத்தத்திலுள்ள கழிவைக் கிட்னி ஒழுங்காக வெளியே தள்ளுகிறதா என்று காட்டும் அளவு அது. ஒன்றையொட்டி இருக்க வேண்டியது இரண்டைத் தொடப் போயிருந்தது.

"வலி மாத்திரை எத்தன வருஷமா முழுங்குறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆறேழு வருஷம் இருக்குங்க" என்று சிங்காரவேல் என்னமோ சர்வீஸ் சொல்வதுபோல நிமிர்ந்து சொன்னார்.

டாக்டர் சிரிக்கவில்லை. அன்றோடு மாத்திரையை நிறுத்தச் சொன்னார். பிரஷர் மாத்திரையையும் மாற்றிக் கொடுத்தார். தினம் மூன்று லிட்டர் தண்ணீர், மூன்று வாரம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. அளவு இறங்கியிருந்தால்தான் ஆபரேஷன் என்றார்.

"மூட்ட மாத்தும்போது ரத்தம் போவும், பிரஷர் இறங்கும். நல்ல கிட்னி தாங்கிக்கும். ஏற்கெனவே அடிபட்ட கிட்னி அப்பிடியே நின்னுடும். இடுப்பு மூட்ட எப்ப வேணா மாத்தலாங்க. கிட்னி அப்பிடி இல்ல."

இதைக் கேட்டுக் காந்திமதியும் மூத்தவள் சத்யாவும் கிட்னிக்குப் பயந்தார்கள். சிங்காரவேல் பயந்தது மெடிக்கல் போர்டுக்கு. நிலக்கரி மைன்ஸில் மண் வெட்டும் பெரிய மெஷினின் ஆபரேட்டர் அவர். லீவெல்லாம் தீர்ந்துபோயிற்று. ஜூலை கடைசியில் போர்டு முன்னால் நேராக நடந்து காட்டாவிட்டால் வேலை போகும், வேலை போனால் இந்தக் குவார்ட்டர்ஸும் போகும். இன்னும் இரண்டு வருஷ சர்வீஸ் பாக்கி. அவருடைய தலைக்குள் இதைத் தவிர வேறு எதுவும் ஏறவில்லை.

தண்ணீர் குடிப்பது என்பது அந்த மனிதருக்குச் சின்ன வேலை இல்லை. மெஷின் மேலே ஏறிவிட்டால் ஒதுங்குவதற்காக இறங்கி ஏறச் சோம்பல்பட்டு, ஷிஃப்டுக்கு ஒரு டம்ளர் என்று முப்பது வருஷமாகப் பழகிய உடம்பு. அவருடைய செட்டில் எல்லோருமே அப்படித்தான். யார் எவ்வளவு நேரம் அடக்குகிறார்கள் என்பதில் ஒரு வீறாப்பு வேறு. இடுப்பு போன பிறகு நிலைமை இன்னும் மோசம். குவார்ட்டர்ஸ் கக்கூஸ் பின்கட்டில், குந்தி உட்காரும் வகை. ஒவ்வொரு தடவையும் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் வருவதற்குள் உயிர் போய் உயிர் வரும். அதனால் இருந்த ஒரு டம்ளரையும் பாதியாக்கிக்கொண்டார். வலிக்கு மாத்திரை, மாத்திரைக்குத் தண்ணீர் கிடையாது. கிட்னி என்னதான் செய்யும்.

இந்த மூன்று வாரமும் சத்யா விடவில்லை. மந்தாரக்குப்பத்தில் ஒரு மெடிக்கலில் பார்மசிஸ்டாக வேலை பார்ப்பவள், அப்பாவை நன்றாகத் தெரிந்தவள். அரை லிட்டர் சொம்பு ஒன்றை எடுத்து வைத்து, ஒவ்வொரு சொம்புக்கும் நாள்காட்டித் தாளில் ஒரு கோடு போட்டாள். ஒரு நாளைக்கு ஆறு கோடு. நேற்றோடு எல்லாத் தாளிலும் ஆறு கோடு விழுந்திருந்தது. திங்கட்கிழமை கொடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட் லேப்பிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் எதுவும் வராததையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு காந்திமதி பையைக் கட்டினாள்.

வீட்டில் இன்னொருவன் உண்டு, இளையவன் அருண்குமார். மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டில் கான்ட்ராக்ட் வேலை. பர்மனென்ட் லிஸ்ட்டில் இந்த வருஷம்தான் அவன் பெயர் வந்திருக்கிறது, அடுத்த மாதம் அதற்கான மெடிக்கல் டெஸ்ட். முதல் ஷிஃப்ட் என்று ஐந்தரைக்கே டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிப்போனான்.

"அப்பாவுக்கு நாளைக்கி ஆபரேஷன். சாயங்காலம் சீக்கிரமா வந்துடுறா" என்று காந்திமதி சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினான்.

*

ஒன்பது மணிக்கு வெள்ளைச்சாமி வந்தார்.

அக்னி வெயில் அதற்குள் சுள்ளென்று ஏறியிருந்தது. மந்தாரக்குப்பம் வாடகை வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து, கேட்டிலிருந்து மெல்ல நடந்து வந்தவர் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிங்காரவேலும் அவரும் ஒரே மெஷினில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் இதே இடுப்பு ஆபரேஷனுக்குப் போனவர் அவர். மூட்டு நன்றாகத்தான் பொருந்தியது. மூன்றாம் நாள் சிறுநீர் நின்றது. அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ்.

"வாங்கண்ணே. மோர் குடுக்கட்டா?" என்று கேட்டுவிட்டுக் காந்திமதி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. காலைலயே ஒரு டம்ளர் ஆயிப்போச்சு. நாளு முச்சூடும் அரை லிட்டருதான், சோத்துல இருக்க கொழம்பையும் சேத்து."

மறுபடி நிரப்பிய சொம்பு சிங்காரவேலின் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கீழே வைக்கக் குனிந்தார், இடுப்பு இடம் கொடுக்கவில்லை.

"ஏன்ப்பா மறைக்கிற. நீ குடி. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார் வெள்ளைச்சாமி.

சிங்காரவேல் குடித்தார். வெள்ளைச்சாமி அந்தச் சொம்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தண்ணீர் இறங்குகிற சத்தத்தை அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று சிங்காரவேலுக்குத் தோன்றியது. பாதிக்கு மேல் அவரால் குடிக்க முடியவில்லை.

"தண்ணி எப்பிடிண்ணே இறங்கும், நீ இப்பிடி பாத்துகினு இருந்தா."

"கோவிச்சுக்காத. கனாவுலகூட கொழாயத்தான்யா தொறக்கிறேன்." வெள்ளைச்சாமி சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். முழங்கைக்குக் கீழே, டயாலிசிஸ் ஊசி ஏறும் இடத்தில், நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. "ஒண்ணு சொல்லத்தான் வந்தேன் சிங்காரம். டாக்டரு கேட்டா எதையும் மறைச்சுராத. நான் மறைச்சேன். மாத்திரை திங்கிறதே இல்லைன்னு சாதிச்சேன். வேலை முக்கியமுன்னு நெனச்சேன். இப்ப அந்த வேலையும் இல்ல, குவார்ட்டர்ஸும் இல்ல."

"நான் என்னாண்ணே மறைக்கப் போறேன்."

"இல்லப்பா, சும்மா சொன்னேன்."

பத்து நிமிஷம் மெஷினைப் பற்றியும் பழைய ஃபோர்மேனைப் பற்றியும் பேசிவிட்டு எழுந்து போனார். போகும்போது குடிநீர்க் குழாயடியைத் தாண்டுகையில் அவர் வேகமாக நடந்ததைச் சிங்காரவேல் பார்த்தார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது ஒன்று அவர்கள் இருவருக்கு மட்டும் தெரியும். வருஷாந்திர மெடிக்கலில் வெள்ளைச்சாமிக்குச் சிறுநீரில் புரதம் போகிறது என்று ஒரு தடவை வந்தது. மறுபடி சோதனை என்றார்கள். வேலைக்கு அன்பிட் ஆக்கிவிடுவார்கள் என்று வெள்ளைச்சாமி அழாத குறை. கழிப்பறைக்குள் போய் அவருடைய பாட்டிலில் தன் சிறுநீரை நிரப்பிக் கொடுத்தவர் சிங்காரவேல்தான். செட்டுக்குள் இதெல்லாம் சகஜம், ஒருத்தனுக்கு ஒருத்தன் உதவி. அன்று சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து பரோட்டா சாப்பிட்டுக் கொண்டாடினார்கள்.

அப்போதே நோய் தெரிந்திருந்தால் மருந்து பார்த்திருக்கலாம். வெள்ளைச்சாமி இதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சிங்காரவேலுக்கு அதுதான் அதிகம் உறுத்தியது.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த மனிதர் அதே வேலையை மறுபடி செய்தார் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். செய்தார். அதுவும் திங்கட்கிழமை, சொந்த மகனை வைத்தே.

ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்ன லேப், மந்தாரக்குப்பத்தில் ஒரு கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஆட்டோவில் அப்பாவும் மகனும் போனார்கள். படியைப் பார்த்ததும் சிங்காரவேலுக்கு ஒரு யோசனை வந்தது. மூன்று வாரத்தில் ஆறு கோடு போட்ட நாட்களில் எத்தனையோ சொம்புத் தண்ணீரை, யாரும் இல்லாத நேரம் பார்த்து, வாஷ்பேசினில் ஊற்றியிருந்தார். அது அவருக்கு மட்டும் தெரியும். தன் ரத்தத்தின்மேல் அவருக்கே நம்பிக்கை இல்லை.

"அருணு, நீயே ஏறிப்போய்க் குடுத்துட்டு வந்துடு."

"எத?"

"ரத்தத்த. சீட்டுல என் பேரு இருக்குது இல்ல, காட்டு. கூட்டத்துல யாரு மூஞ்ச பாக்கறா."

அருண்குமார் கொஞ்சம் தயங்கினான். "அக்காவுக்குத் தெரிஞ்சா என்னைத் தொலச்சிடும்ப்பா."

"அவளுக்கு எதுக்குத் தெரியணும். சின்ன வயசு ரத்தம், சுத்தமா இருக்கும். அளவு சரியா வந்தா வியாழக்கிழமை ஆபரேஷன், ஜூலைல நான் நடந்துடுவேன். நம்ப வூட்டுக்காகத்தானே கேக்கறேன்."

ஏறிப்போனான். பத்து நிமிஷத்தில் கையை மடக்கிக்கொண்டு இறங்கி வந்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு மறுபடி ஒரு தடவை ரத்தம் எடுப்பார்கள் என்று சிங்காரவேலுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், கட்டிலில் படுத்தவனை எழுப்பி அனுப்பவா போகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார். போன மாதம் எழுப்பித்தான் அனுப்பினார்கள் என்பது வசதியாக மறந்துபோயிருக்கும்.

*

பதினொன்றேகாலுக்கு மெடிக்கலில் சத்யாவின் போன் அடித்தது. கடலூர் எண்.

"சிங்காரவேல் பேஷன்ட்டோட டாட்டர்ங்களா? டாக்டர் செந்தில்நாதன் ஓ.பி.லேர்ந்து பேசறோம்."

"சொல்லுங்க. நாலு மணிக்குக் கெளம்பறோம்."

"இல்லைங்க, இப்பவே கெளம்புங்க. ரிப்போர்ட்ட டாக்டர் இப்பத்தான் பாத்தாரு. கிரியாட்டினின் மூணு புள்ளி நாலு. பொட்டாசியமும் ஏறியிருக்கு. ஆபரேஷன் கேன்சல். ஆனா பேஷன்ட்ட உடனே கூட்டிகினு வரச் சொல்றாரு, கிட்னி டாக்டர் வெயிட் பண்றாரு. யூரின் ஒழுங்கா போவுதான்னு கேக்கச் சொன்னாருங்க."

கிரியாட்டினின் என்றால் என்ன, அதோடு பொட்டாசியமும் ஏறினால் இதயம் என்ன ஆகும் என்று சத்யாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிவிட்டு, முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். மெயின் பஜார் தாண்டி டவுன்ஷிப் ஆர்ச்சுக்குள் நுழைந்தது அவளுக்கு நினைவில்லை.

வீட்டில் சிங்காரவேல் சாய்வாகப் படுத்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். காந்திமதி புளிசாதம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னாடி இந்நேரத்துக்கு?"

"டி.வி.ய நிறுத்தும்மா." சத்யா அப்பாவுக்கு எதிரே வந்து நின்றாள். "ஆபரேஷன் கேன்சல். அளவு ஏறிப்போச்சு. மூணு புள்ளி நாலு."

காந்திமதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிங்காரவேல் மகளைப் பார்த்தார், அவள் வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல.

"யாருது?"

"உன்னுதுதான். வேற யாருது."

"மாத்தி கீத்தி போட்டிருப்பாங்க. நல்லா பாரு."

"பேரு போட்டிருக்கு, வயசு போட்டிருக்கு. ஏம்ப்பா, நிஜமா சொல்லு. தண்ணி குடிச்சியா, இல்ல கொட்டினியா?"

"நான்தான கையில குடுத்தேன்" என்று காந்திமதி அழ ஆரம்பித்தாள். "குடிக்கறத நின்னு பாத்துகினுதான இருந்தேன். முந்தா நேத்துகூட மூஞ்சி தெளிவா இருக்குதேன்னு நெனச்சேன். வெள்ளச்சாமியண்ணன் மாதிரி ஆயிடும் போல இருக்குதே. நான் என்னா பண்ணுவேன்."

"எல்லா நேரமும் நின்னியாம்மா? கடைக்கிப் போவல, கோயிலுக்குப் போவல?"

சிங்காரவேலுக்கு அவர்கள் பேசுவது காதில் விழுந்தது, ஆனால் எங்கோ தூரத்தில் விழுந்தது. மூன்று புள்ளி நாலு. அருணுக்கு இருபத்தைந்து வயசு. அவர் மனசு ஒவ்வொன்றாகப் போய்த் தொட்டது. கன்வேயர் பக்கத்தில் நிழலே கிடையாது. தண்ணீர் டேங்க் அரைக் கிலோமீட்டர். 'ஷிஃப்டுல தண்ணி தண்ணின்னு அலையாதடா, அடக்கிப் பழகு, ஆபரேட்டர் ஆவணும்னா அதுதான் மொத பாடம்' என்று அவனிடம் சொன்னது யார். திங்கட்கிழமை ஆட்டோவில் அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வீங்கிய காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பூச்சி கடித்திருக்கும் என்று அவர்தான் சொன்னார்.

"மாத்திரை?" சத்யா விடவில்லை. "நிறுத்தச் சொன்னப்ப முழுசா அஞ்சு அட்டை இருந்திச்சி. தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னியே. எங்க போட்ட?"

அவர் கட்டிலின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, உன்னத்தான் கேக்கறேன். எங்க போட்ட?"

"அருணுக்குக் குடுத்தேன்."

"அவனுக்கு எதுக்கு?"

"முதுகு வலிக்குதுன்னான். பெல்ட்டாண்ட குனிஞ்சிகினு எட்டு மணி நேரம் மண்ணு தள்றான். நல்ல மாத்திரையாச்சே, வீணாப் போவுதேன்னு... வேலைக்கிப் போவறப்ப ஒண்ணு, வந்து ஒண்ணு போட்டுக்கோன்னு சொன்னேன்."

"அவன் கதைய எதுக்குங்க இப்ப இழுக்கறீங்க?" என்றாள் காந்திமதி, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி. "உங்க ரத்தத்தப் பத்தி அவ கேட்டுகினு இருக்கா."

"அது என் ரத்தம் இல்ல காந்தி."

காந்திமதிக்குப் புரியவில்லை. சத்யாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்து அது புரிந்ததைத் தெரிந்துகொண்ட சிங்காரவேல் திங்கட்கிழமை நடந்ததைத் தலையைக் குனிந்தபடி சொன்னார். நான்கே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. சொல்லி முடித்ததும் அவரைக் காந்திமதி அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவள் அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வந்தது, அதை அணைக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

சத்யா போனில் ரிப்போர்ட்டைத் திறந்தாள். மேலே பெயர் சிங்காரவேல், வயது ஐம்பத்தெட்டு. அதற்குக் கீழே கைபேசி எண். அது அப்பாவின் எண்ணும் இல்லை, அவளுடையதும் இல்லை, அருணுடையது. லேப்பில் கேட்டபோது வாய் தவறித் தன் எண்ணையே கொடுத்திருக்கிறான். ரிப்போர்ட் அனுப்பிய நேரமும் போட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை மாலை ஏழு பன்னிரண்டு.

"நேத்தே அவனுக்கு வந்திருக்கு" என்றாள் சத்யா. "நேத்து சாயங்காலமே பாத்திருக்கான்."

நேற்று ஏழரை மணிக்கு அவன் இதே கூடத்தில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டான். அப்பாவின் பையில் வைக்கப் பிளாஸ்க்கைத் தேடி எடுத்துக் கொடுத்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் ஆள் மாறிய குட்டு உடையும், தன்னுடைய பர்மனென்ட்டும் போகும் என்று பேசாமல் இருந்துவிட்டானா?

அருண்குமாரின் எண்ணுக்குப் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப். ஷிஃப்டில் போனை லாக்கரில் வைத்துவிடுவார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சூப்பர்வைசர் அன்புச்செல்வனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அருண்குமாரோட அக்கா பேசறேன். அவனைக் கொஞ்சம் உடனே வெளிய அனுப்பறீங்களா? ரொம்ப அவசரம்."

"அருணா? அவன் இன்னிக்கி வேலைக்கே வரலியேம்மா. காலைல நானே ரெண்டு வாட்டி போன் அடிச்சிப் பாத்தேன், ஆஃபா இருக்குது. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

சத்யா போனை இறக்கினாள்.

"என்னாடி சொல்றாரு?" காந்திமதி எழுந்துவிட்டாள். "அஞ்சரைக்கு டப்பா எடுத்துகினு போனானே. நான்தான கட்டிக் குடுத்தேன். எங்க போனான்?"

சிங்காரவேல் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். இடது கால் ஊன்றவில்லை. கைத்தடி கதவோரம், பைக்குப் பக்கத்தில் இருந்தது. எடுத்துத் தரச் சொல்லி அவர் யாரையும் கேட்கவில்லை, அவர்களும் அவர் பக்கம் திரும்பவில்லை. காந்திமதி செருப்பைக்கூடப் போடாமல் வாசலில் இறங்கி, வெயிலில் ரோட்டின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

சத்யாவின் கையில் போன் மறுபடி அடித்தது. கடலூர் எண்.

"மேடம், கிட்னி டாக்டர் கேக்கறாரு. பேஷன்ட் கெளம்பிட்டாருங்களா?"

சத்யா அப்பாவைப் பார்த்தாள். வாசலில் நிற்கும் அம்மாவைப் பார்த்தாள்.

"பேஷன்ட் எங்க இருக்காருன்னு தெரியலைங்க" என்றாள்.